ஆங்கிலச் செயப்பாட்டு வினையைக் காலந்தோறும் அமைக்கும் முறை

ஆங்கில இலக்கணத்தில் பாஸிவ் வாய்ஸ் என்ற பாடம் வந்ததும் பெரும்பாலான மாணவர்கள் ஓர் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். இடப்பக்கம் செய்வினை, வலப்பக்கம் செயப்பாட்டு வினை, ஓரத்தில் காலங்களின் பெயர்கள் என்று அமைந்த அந்த அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அதை வரிவரியாக நெட்டுருப் போட்டவர் பழகிய வாக்கியம் வந்தால் எழுதிவிடுவார். சற்றே மாறிய வாக்கியம் வந்தால் எந்த வரியை எடுத்தாள்வது என்று தெரியாமல் திகைப்பார். நானும் பள்ளியில் அப்படித்தான் கற்றேன். பல ஆண்டுகள் கழித்துப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோதுதான், அந்த அட்டவணையின் எல்லா வரிகளுக்கும் அடியில் ஒரே ஒரு மாற்றமே நிகழ்கிறது என்பதும், தமிழ் பேசுகிறவர்கள் அதே மாற்றத்தைத் தம் மொழியில் யோசிக்காமலேயே செய்துவருகிறார்கள் என்பதும் எனக்குப் புலப்பட்டன. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளலாம்.

தமிழிலிருந்தே தொடங்குவோம். ‘கட்டுகிறார், கட்டினார், கட்டுவார்’ என்பவை செய்வினைகள். இவற்றின் செயப்பாட்டு வடிவங்கள் ‘கட்டப்படுகிறது, கட்டப்பட்டது, கட்டப்படும்’ என்பவை. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ‘கட்ட’ என்ற பகுதி மூன்றிலும் அசையாமல் நிற்பதும், காலம் காட்டும் வேலை முழுவதையும் ‘படு’ என்ற துணைவினை ஏற்றுக்கொண்டிருப்பதும் தெரியும். ஆங்கிலத்திலும் இதுவே நடக்கிறது. அங்கே ‘படு’ இருக்கும் இடத்தில் ‘பி’ என்ற வினை இருக்கிறது; ‘கட்ட’ இருக்கும் இடத்தில் வினையின் மூன்றாம் வடிவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள், இருக்கிறது. தமிழில் துணைவினை பின்னால் வருகிறது, ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது. தமிழில் செய்தவரோடு ‘ஆல்’ உருபு ஒட்டிக்கொள்கிறது, ஆங்கிலத்தில் ‘பை’ என்ற சொல் செய்தவருக்கு முன்னால் தனியாக நிற்கிறது. வேறுபாடு இவ்வளவே.

அடிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டியவை

இரண்டு செய்திகளில் தடுமாற்றம் இருக்கக் கூடாது. முதலாவது, ‘பி’ என்ற வினையின் எட்டு வடிவங்கள். அவை பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பியிங், பீன். ஆங்கிலத்தில் வேறெந்த வினைக்கும் இத்தனை வடிவங்கள் இல்லை. இவற்றில் ஆம், இஸ், ஆர் ஆகியவை நிகழ்காலம். வாஸ், வேர் இறந்தகாலம். மீதமுள்ள மூன்றும் தாமாகக் காலம் காட்டாமல் வேறொரு துணைவினையின் பின்னால் வருபவை.

இரண்டாவது, வினையின் மூன்றாம் வடிவம். ‘ப்ளே, ப்ளேய்ட், ப்ளேய்ட்’ என்று இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் தவறு நேர வாய்ப்பில்லை. ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்றும் ‘டேக், டுக், டேக்கன்’ என்றும் மூன்றும் வெவ்வேறாக இருக்கும் வினைகளில்தான் கால் இடறுகிறது. “த கப் வாஸ் ப்ரோக்” என்று எழுதுபவருக்குப் பாஸிவ் விதி தெரியாது என்று சொல்ல முடியாது. அவருக்கு ‘ப்ரோக்கன்’ என்ற சொல்தான் கைக்கு எட்டவில்லை. எனவே மூன்றாம் வடிவங்களை ஒரு பட்டியலாகப் படிப்பதைக் காட்டிலும், ஒவ்வொன்றையும் ‘வாஸ்’ என்பதோடு சேர்த்தே சொல்லிப் பழகுமாறு நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. வாஸ் ப்ரோக்கன், வாஸ் சோசன், வாஸ் ஸ்டோலன், வாஸ் கிவன், வாஸ் சீன் என்று காதில் விழுந்துகொண்டே இருந்தால், பிழையான வடிவம் வரும்போது காதே அதை ஏற்காது.

ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்து

“ஷீ ரைட்ஸ் த ரிப்போர்ட்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ‘ஷீ’ எழுவாய், ‘ரைட்ஸ்’ வினை, ‘த ரிப்போர்ட்’ செயப்படுபொருள். செயப்படுபொருள் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அது இல்லாத வாக்கியத்துக்குச் செயப்பாட்டு வடிவம் அமையாது. இருக்கிறது என்று கண்டதும் அதைத் தூக்கி எழுவாயின் இடத்தில் வைக்கிறோம். இப்போது நம்மிடம் ‘த ரிப்போர்ட்’ என்ற தொடக்கம் இருக்கிறது.

அடுத்தது வினை. இங்கேதான் நான் சொன்ன அந்த ஒரு மாற்றம் நிகழ்கிறது. செய்வினை வாக்கியத்தில் முதன்மை வினை எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவத்தை இப்போது ‘பி’ எடுத்துக்கொள்கிறது. அதையடுத்து முதன்மை வினை மூன்றாம் வடிவில் வந்து நிற்கிறது. ஏற்கெனவே முன்னால் இருந்த துணைவினைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ‘ரைட்ஸ்’ என்பது நிகழ்கால வடிவம். ‘பி’ என்பதன் நிகழ்கால வடிவம், ‘த ரிப்போர்ட்’ ஒருமையாதலால், ‘இஸ்’. அதன் பின் ‘ரிட்டன்’. கடைசியில் ‘ஷீ’ என்பது ‘ஹெர்’ ஆகிப் ‘பை’ என்பதோடு சேர்கிறது. முழு வாக்கியம், “த ரிப்போர்ட் இஸ் ரிட்டன் பை ஹெர்.”

மூலவாக்கியத்தில் ‘த ரிப்போர்ட்ஸ்’ என்று பன்மை இருந்திருந்தால் ‘ஆர் ரிட்டன்’ என்று வந்திருக்கும். எழுதியவர் ஒருவரா பலரா என்பது இனி வினையைப் பாதிக்காது. புதிதாக எழுவாய் இடத்துக்கு வந்த சொல்லே வினையை ஆள்கிறது. இதைக் கவனிக்காமல் பழைய எழுவாயைப் பார்த்து ‘இஸ்’ போடுவது மிகப் பரவலான பிழை.

இனி அதே வாக்கியத்தைக் காலந்தோறும் நகர்த்துவோம். சிம்பிள் பாஸ்ட்டில் “ஷீ ரோட் த ரிப்போர்ட்” என்பதன் வினை இறந்தகால வடிவம், ஆகவே ‘பி’ ‘வாஸ்’ ஆகிறது, “த ரிப்போர்ட் வாஸ் ரிட்டன்.” சிம்பிள் ஃபியூச்சரில் “ஷீ வில் ரைட்” என்பதில் ‘வில்’ என்பதை அடுத்து வினை மாற்றமில்லாத மூல வடிவில் இருக்கிறது, ‘பி’ என்பதும் அப்படியே நிற்க, “த ரிப்போர்ட் வில் பி ரிட்டன்” என்றாகிறது. பிரசன்ட் கன்டினியுவஸில் “ஷீ இஸ் ரைட்டிங்” என்று வினை ‘இங்’ பெற்றிருக்கிறது, ‘பி’ என்பதற்கு அந்த ‘இங்’ போய்ப் ‘பியிங்’ ஆகிறது, “த ரிப்போர்ட் இஸ் பியிங் ரிட்டன்.” பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில் “ஷீ ஹாஸ் ரிட்டன்” என்று வினை ஏற்கெனவே மூன்றாம் வடிவில் இருக்கிறது, ‘பி’ தன் மூன்றாம் வடிவமான ‘பீன்’ என்பதை எடுக்க, “த ரிப்போர்ட் ஹாஸ் பீன் ரிட்டன்” என்று வருகிறது.

எஞ்சியவற்றுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. பாஸ்ட் கன்டினியுவஸில் ‘வாஸ் ரைட்டிங்’ என்பது ‘வாஸ் பியிங் ரிட்டன்’ ஆகும். பாஸ்ட் பெர்ஃபெக்ட்டில் ‘ஹாட் ரிட்டன்’ என்பது ‘ஹாட் பீன் ரிட்டன்’ ஆகும். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்டில் ‘வில் ஹாவ் ரிட்டன்’ என்பது ‘வில் ஹாவ் பீன் ரிட்டன்’ ஆகும். ‘கோயிங் டு ரைட்’ என்பது ‘கோயிங் டு பி ரிட்டன்’ ஆகும். ‘கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட்’ போன்றவையெல்லாம் ‘வில்’ நடக்கும் வழியிலேயே நடக்கின்றன. ‘மஸ்ட் பி ரிட்டன்’ என்றால் எழுதப்பட வேண்டும். ‘கேன் பி ரிட்டன்’ என்றால் எழுதப்பட முடியும். “ஷுட் ஹாவ் பீன் ரிட்டன்” என்று நீளும்போது, எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆனால் எழுதப்படவில்லை என்ற குறை அதில் தொனிக்கிறது.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்ற காலத்துக்கு இதே விதிப்படி ‘ஹாஸ் பீன் பியிங் ரிட்டன்’ என்று அமைக்க முடியும். இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் எழுதுவோர் அதைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. ‘வில் பி பியிங் ரிட்டன்’ என்பதும் அப்படியே. பாடநூல்கள் இக்காலங்களுக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது என்று எழுதுவதன் காரணம் இதுதான். தேர்வுக்குப் படிப்பவர் அவ்வாறே வைத்துக்கொள்ளலாம். எழுதப் பழகுபவர் இந்த இடத்தில் செய்வினையிலேயே நிற்பது நல்லது.

பியிங் என்பதும் பீன் என்பதும்

இந்த இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் நான் மிகுதியாகக் காணும் பிழை இங்கேதான் இருக்கிறது. வேகமாகப் பேசும்போது இவ்விரு சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அதனால் “த ரோட் இஸ் பீன் ரிப்பேர்ட்” என்றும் “த ரோட் ஹாஸ் பியிங் ரிப்பேர்ட்” என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை.

காதை நம்பாமல் முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். முன்னால் ஹாஸ், ஹாவ், ஹாட் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பின்னால் ‘பீன்’ மட்டுமே வரும். முன்னால் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் ‘பியிங்’ மட்டுமே வரும். பொருளிலும் வேறுபாடு தெளிவானது. “த ரோட் இஸ் பியிங் ரிப்பேர்ட்” என்றால் சாலை இந்நேரம் சீரமைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்கள் அங்கே வேலையில் இருக்கிறார்கள். “த ரோட் ஹாஸ் பீன் ரிப்பேர்ட்” என்றால் சாலை சீரமைக்கப்பட்டுவிட்டது. வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். தமிழில் ‘கொண்டிருக்கிறது’ என்பதும் ‘விட்டது’ என்பதும் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் இந்த இரண்டு சிறு சொற்கள் காட்டுகின்றன. ஓர் அறிவிப்பிலோ அலுவலகக் கடிதத்திலோ இவை மாறிவிட்டால், படிப்பவர் வேலை முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் நிற்பார்.

‘இஸ் பியிங் ரிப்பேர்ட்’ என்ற அமைப்பு ஆங்கிலத்துக்கே ஒப்பளவில் புதியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அது 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் “த ஹவுஸ் இஸ் பில்டிங்” என்றே எழுதினார்கள். புதிய அமைப்பு வந்த பிறகும் 19ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் சிலர் அதை அழகற்றது என்று கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்த வடிவமே இன்று விதியாக நிலைத்திருக்கிறது.

எதிர்மறையும் வினாவும்

எதிர்மறையில் ‘நாட்’ என்ற சொல் முதல் துணைவினையை அடுத்து வரும். “த ரிப்போர்ட் வாஸ் நாட் ரிட்டன்”, “த ரிப்போர்ட் ஹாஸ் நாட் பீன் ரிட்டன்.” வினாவில் முதல் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும். “வாஸ் த ரிப்போர்ட் ரிட்டன்?”, “ஹாஸ் த ரிப்போர்ட் பீன் ரிட்டன்?”

செய்வினையில் வரும் டூ, டஸ், டிட் ஆகியவை செயப்பாட்டு வினையில் மறைந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். “டிட் ஷீ ரைட் த ரிப்போர்ட்?” என்பதில் காலத்தைச் சுமப்பது ‘டிட்’, ‘பி’ வந்ததும் அச்சுமையை அதுவே ஏற்றுக்கொள்வதால் ‘டிட்’ தேவையற்றதாகிறது. “டிட் த ரிப்போர்ட் வாஸ் ரிட்டன்?” என்று எழுதினால் இரண்டு பேர் ஒரே மூட்டையைத் தூக்குவது போலாகும். ‘ஹூ’ என்று தொடங்கும் வினாவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. “ஹூ ரோட் திஸ்?” என்பதைப் “பை ஹூம் வாஸ் திஸ் ரிட்டன்?” என்று மாற்றுவது தேர்வில் எதிர்பார்க்கப்படும் விடை, “ஹூ வாஸ் திஸ் ரிட்டன் பை?” என்பது பேச்சில் இயல்பாக வருவது.

‘பை’ எப்போது தேவையில்லை

வகுப்பறைப் பயிற்சியில் எல்லா வாக்கியங்களின் முடிவிலும் ‘பை’ எழுதிப் பழகியவர்கள், பின்னாளில் எழுதும் ஆங்கிலத்திலும் தேவையில்லாத இடங்களில் அதைச் சேர்க்கிறார்கள். உண்மையில் ஆங்கில நூல்களிலும் செய்திகளிலும் வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவை ‘பை’ இல்லாமலே நிற்கின்றன. செய்தவர் யாரென்று தெரியாத இடத்தில், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாத இடத்தில், செய்தவரைவிடச் செயலே முக்கியமான இடத்தில் செய்தவரை விட்டுவிடுவதற்காகவே இந்த வாக்கிய அமைப்பு பெரிதும் பயன்படுகிறது. “மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்” என்றால் போதும். அதன் பின் ‘பை சம்படி’ என்பது ஒன்றையும் கூட்டுவதில்லை. “தி ஒலிம்பிக் கேம்ஸ் ஆர் ஹெல்ட் எவ்ரி ஃபோர் இயர்ஸ்” என்ற வாக்கியத்தில் நடத்துபவர் யார் என்பது பேச்சே இல்லை. ஆய்வக அறிக்கையில் “த சொல்யூஷன் வாஸ் ஹீட்டட் டு 80 டிகிரிஸ்” என்று எழுதும்போது சூடாக்கியவரின் பெயர் அறிவியலுக்குத் தேவைப்படுவதில்லை.

செய்தவரே புதிய செய்தியாக இருக்கும்போது ‘பை’ அவசியமாகிறது. பென்சிலினைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே “பென்சிலின் வாஸ் டிஸ்கவர்ட் பை அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் இன் 1928” என்பது இயல்பாகப் பொருந்தும். பத்தியின் பேசுபொருள் முதலிலும் புதிய பெயர் பின்னாலும் வருகின்றன. அதே செய்தியை ஃப்ளெமிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் பத்தியில் எழுதினால் “ஃப்ளெமிங் டிஸ்கவர்ட் பென்சிலின் இன் 1928” என்ற செய்வினையே நேராக இருக்கும். எந்த வாய்ஸில் எழுதுவது என்பதை முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை. முந்தைய வாக்கியம் யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததோ, அதுவே அடுத்த வாக்கியத்தின் எழுவாயாக வருவது படிப்பவருக்கு எளிது.

சில வினைகளுக்குப் பின் ‘பை’ வராமல் வேறு சொல் வரும். கருவியால் அல்லது பொருளால் நிகழ்ந்தது என்றால் ‘வித்’ வரும்; “த க்ரவுண்ட் வாஸ் கவர்ட் வித் ஸ்நோ.” ‘நோன்’ என்பதோடு ‘டு’ வரும், ‘இன்ட்ரஸ்டட்’ என்பதோடு ‘இன்’ வரும், ‘சர்ப்ரைஸ்ட்’ என்பதோடு ‘அட்’ வரும், ‘பை’யும் வரும். இவற்றுக்கு விதி தேடுவது வீண். சொல்லைச் சேர்த்தே பழக வேண்டும்.

இரண்டு செயப்படுபொருள்களும் ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்களும்

‘கிவ், செண்ட், டெல், ஷோ, ஆஃபர், அவார்ட்’ போன்ற வினைகளுக்கு இரண்டு செயப்படுபொருள்கள் உண்டு. ஒன்று பெறுபவர், மற்றொன்று பெறும் பொருள். இரண்டில் எதையும் எழுவாயாக்கலாம். “த டீச்சர் கேவ் மீ எ புக்” என்பது “ஐ வாஸ் கிவன் எ புக்” என்றும் ஆகும், “எ புக் வாஸ் கிவன் டு மீ” என்றும் ஆகும். தமிழில் ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்று ஒரே வழிதான் இருக்கிறது; ‘நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்பது தமிழாகாது. அதனால் தமிழில் யோசித்து எழுதுபவர்களுக்கு ‘எ புக்’ என்று தொடங்கும் வடிவம்தான் முதலில் தோன்றுகிறது. ஆங்கிலத்திலோ ஆளை முன்னால் வைக்கும் வடிவமே மிகுதியாக வழங்குகிறது. “மேரி கியூரி வாஸ் அவார்டட் த நோபல் ப்ரைஸ் இன் கெமிஸ்ட்ரி இன் 1911” என்பது எந்த ஆங்கிலப் பத்திரிகையிலும் வரக்கூடிய வாக்கியம். தமிழில் நேராக இல்லாத இந்த வடிவத்தை வேண்டுமென்றே பழகிக்கொள்ள வேண்டும்.

‘லுக் ஆஃப்டர், லாஃப் அட், லிசன் டு’ என்று வினையோடு ஒட்டி வரும் சிறு சொற்கள் செயப்பாட்டு வினையிலும் விட்டுப் போகாமல் வர வேண்டும். “தே லாஃப்ட் அட் ஹிம்” என்பது “ஹி வாஸ் லாஃப்ட் அட்” ஆகும். வாக்கியம் ‘அட்’ என்று அந்தரத்தில் முடிவது போலத் தோன்றுவதால் பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் வாக்கியம் பிழையாகிறது. இதற்கு மாறாக, ஒரு சொல் புதிதாக வந்து சேரும் இடமும் உண்டு. “தே மேட் மீ வெயிட்” என்பதில் ‘வெயிட்’ தனியாக நிற்கிறது. “ஐ வாஸ் மேட் டு வெயிட்” என்று மாற்றும்போது நடுவே ‘டு’ வருகிறது. ‘சீ’, ‘ஹியர்’ என்ற வினைகளுக்கும் இவ்வாறே.

தமிழர் இடறும் இடங்கள்

ஒரு மாணவர் என்னிடம் காட்டிய கடிதத்தின் முதல் வரி “தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் யெஸ்டர்டே” என்று இருந்தது. ஏன் ‘வாஸ்’ போட்டீர்கள் என்று கேட்டேன். விபத்து தானாக நடக்கவில்லையே, யாரோ நடத்தியதால்தானே நடந்தது என்றார். அவருடைய எண்ணத்தில் ஒழுங்கு இருந்தது. ஆனால் இலக்கணம் பார்ப்பது வேறொன்றை. ‘ஹேப்பன்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. எதை ஹேப்பன் செய்தார் என்று கேட்டால் விடை வராது. தமிழ் இலக்கணம் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்று சொல்கிறது. ‘நடந்தது’ என்பதை யாரும் ‘நடக்கப்பட்டது’ என்று எழுதுவதில்லை அல்லவா, அதுபோலத்தான் என்று சொன்னதும் அவரே ‘வாஸ்’ என்பதை அடித்துவிட்டு “தி ஆக்சிடென்ட் ஹேப்பண்ட் யெஸ்டர்டே” என்று எழுதினார். கோ, கம், அரைவ், ஸ்லீப், டை, ஒக்கர், அப்பியர், டிஸப்பியர் ஆகியவை எல்லாம் இந்த இனம். ஐயம் வரும்போது எதை, யாரை என்று வினையிடம் கேட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை.

இந்தச் சோதனையில் தேறியும் செயப்பாட்டு வடிவம் ஏற்காத சில வினைகள் உண்டு. உடைமைப் பொருளில் வரும் ‘ஹாவ்’, ஒத்திருப்பதைச் சொல்லும் ‘ரிசெம்பிள்’, குறைவைச் சொல்லும் ‘லாக்’, அளவு பொருந்துவதைச் சொல்லும் ‘ஃபிட்’ முதலியவை செயலைக் காட்டாமல் நிலையைக் காட்டுவதால் “எ கார் இஸ் ஹாட் பை மீ” என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை.

பிறப்பு விஷயத்தில் நிலைமை தலைகீழ். தமிழில் ‘பிறந்தேன்’ என்பது செய்வினை; ஆகவே “ஐ பார்ன் இன் 1990” என்று எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் பெற்றவள் தாய், பெறப்பட்டது குழந்தை என்ற கணக்கில் அது செயப்பாட்டு வடிவமாகவே நிலைத்துவிட்டது. “ஐ வாஸ் பார்ன்” என்பதே சரி. அதிலும் ‘ஐ ஆம் பார்ன்’ என்று நிகழ்காலத்தில் எழுதக் கூடாது. பிறப்பு நடந்து முடிந்த நிகழ்ச்சி.

இன்னொரு நுட்பமும் உண்டு. “த டோர் இஸ் லாக்ட்” என்ற வாக்கியம் பார்வைக்குச் செயப்பாட்டு வினைபோல இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்ற நிலையைத்தான் சொல்கிறது. “த டோர் இஸ் லாக்ட் பை த வாட்ச்மேன் அட் டென் எவ்ரி நைட்” என்று செய்பவரும் நேரமும் வந்து சேரும்போதுதான் ‘பூட்டப்படுகிறது’ என்ற செயல் பொருள் உறுதியாகிறது. தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு வடிவங்களில் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலம் ஒரே வடிவத்தில் சொல்லிச் சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது ‘இஸ்’ என்பதைக் கண்டதும் ‘படுகிறது’ என்று எழுதிவிடாமல், அங்கே செயல் நடக்கிறதா, நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏவல் வாக்கியமும் ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதும்

“க்ளோஸ் த டோர்” என்ற ஏவலை “லெட் த டோர் பி க்ளோஸ்ட்” என்று மாற்றுவது தேர்வுகளில் தவறாமல் கேட்கப்படுகிறது. வேண்டுகோளாக இருந்தால் “யூ ஆர் ரிக்வெஸ்டட் டு க்ளோஸ் த டோர்” என்று எழுதுவார்கள். முதல் வடிவத்தைத் தேர்வுக்கு வெளியே பெரும்பாலும் பயன்படுத்த நேராது. இரண்டாவது அறிவிப்புப் பலகைகளில் வாழ்கிறது.

“பீப்பிள் சே தட் ஹி இஸ் ரிச்” என்பதற்கு இரண்டு செயப்பாட்டு வடிவங்கள் உண்டு. “இட் இஸ் செட் தட் ஹி இஸ் ரிச்” என்பது எளிது. “ஹி இஸ் செட் டு பி ரிச்” என்பது சுருக்கமானது, செய்தித்தாள்களில் மிகுதியாக வருவது. அவர் முன்பு பணக்காரராக இருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் “ஹி இஸ் செட் டு ஹாவ் பீன் ரிச்” என்று ‘பி’ பின்னோக்கி நகர்கிறது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். தனித்தனி வாக்கியங்களை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டு, ஓர் ஆங்கிலச் செய்தியை எடுத்து அதிலுள்ள செயப்பாட்டு வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் ‘பி’ எந்த வடிவில் நிற்கிறது, அதற்குமுன் என்ன இருக்கிறது என்று பார்த்துக் காலத்தின் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். பிறகு அவற்றைச் செய்வினைக்குத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றைத் திருப்ப எழுவாய் கிடைக்காமல் கை நிற்கும். அந்த வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒரு குறியிட்டு, எழுதியவர் செய்தவரை ஏன் சொல்லாமல் விட்டார் என்பதை ஒரு வரியில் தமிழில் எழுதிவையுங்கள்.